பம்பாயில் தலைசாய்க்க ஓர் அறை

பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் செல்பவர் முதலில் தேடுவது வேலை. அடுத்துத் தேடுவது வீடு. வேலை எப்படியோ கிடைத்துவிடுகிறது. வீடு அத்துணை எளிதில் கிடைப்பதில்லை. பெருநகரங்களின் வரலாற்றை எழுதுவோர் துறைமுகங்களையும் ஆலைகளையும் ரயில் பாதைகளையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவர். அவற்றில் பகலெல்லாம் உழைத்தவர்கள் இரவில் எங்கே படுத்து உறங்கினார்கள் என்ற கேள்விக்கு அந்நூல்களில் கிடைக்கும் இடம் சிறிது. ஆயினும் ஒரு நகரத்தின் நீதியை அளந்தறிய இதைவிடச் சிறந்த அளவுகோல் வேறில்லை.

இக்கேள்விக்கு அரசாங்கமும் நகராட்சியும் காலந்தோறும் என்ன விடை கூறின என்பதைப் பம்பாய் நகரின் வரலாற்றைக் கொண்டு இப்பேச்சில் காண்போம். 1995 முதல் மும்பை என்று வழங்கும் அந்நகரில் இம்முயற்சிகள் நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகின்றன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடச் சென்று தாராவியில் குடியேறியவர்களும், அலுவலகங்களில் எழுத்தராகச் சென்று மாதுங்காவில் குடியேறியவர்களும் ஆகத் தமிழர் பலர் அந்த வரலாற்றில் பங்குகொண்டவர்கள். ஆதலின் இது நமக்கு அயலார் கதை அன்று.

பம்பாயின் முதல் பஞ்சாலை 1854-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அடுத்த நாற்பது ஆண்டுகளில் ஆலைகள் பெருகின. கொங்கணக் கடற்கரையிலிருந்தும் தக்காணத்திலிருந்தும் மக்கள் திரள் திரளாக வந்தனர். நீண்ட தாழ்வாரம், அதை ஒட்டி வரிசையாக ஒற்றை அறைகள், தளத்திற்குப் பொதுவான குழாயும் கழிப்பிடமும் என அமைந்த ‘சால்’ என்னும் அடுக்குக் கட்டடங்களில் அவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தனர். 1896 செப்டம்பரில் துறைமுகத்தை அடுத்த மாண்டவிப் பகுதியில் ஒரு காய்ச்சல் தோன்றியது. அது பிளேக் என்னும் கொள்ளைநோயே என முதலில் கண்டறிந்து கூறியவர் டாக்டர் அக்காசியோ வியேகாஸ். நோய் பரவியதும் மக்கள் நகரைவிட்டுக் கூட்டங்கூட்டமாக வெளியேறினர், ஆலைகள் தடுமாறின, வாணிகம் நிலைகுலைந்தது. ஏழையின் வீடு எப்படி இருக்கிறது என்று அதுகாறும் எண்ணிப் பாராத ஆட்சியாளர்கள், அந்த அச்சத்தினால்தான் எண்ணத் தலைப்பட்டனர்.

எலியும் தெள்ளுப்பூச்சியும் பிளேக்கைப் பரப்புகின்றன என்பது அப்பொழுது தெளிவாகவில்லை. வெளிச்சமும் காற்றும் புகாத ஈரமான வீடுகளே நோயின் பிறப்பிடம் என்று கருதப்பட்டது. அவ்வாறாயின் அவ்வீடுகளை இடித்துவிட்டு, கடற்காற்று உட்புகுமாறு அகலமான சாலைகளை அமைப்பதே மருந்தாகும் அல்லவா? இந்த எண்ணத்துடன் 1898-ஆம் ஆண்டில் பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்ட் சட்டப்படி நிறுவப்பெற்றது. பிரின்ஸஸ் தெருவும் சாண்ட்ஹர்ஸ்ட் சாலையும் அதன் கைவண்ணமே. நெருக்கமான குடியிருப்புகளைப் பிளந்துகொண்டு அவை சென்றன.

இடிபட்ட கட்டடங்களின் சொந்தக்காரர்களுக்கு நஷ்டஈடு கிடைத்தது. வாடகைக்குக் குடியிருந்தவர்களுக்கோ ஒன்றும் கிடைக்கவில்லை. சட்டத்தின் கண்ணில் அவர்கள் இழப்பதற்கு ஒன்றும் இல்லாதவர்கள். அவர்கள் மூட்டை முடிச்சுகளுடன் அடுத்த தெருவிலிருந்த சாலுக்குச் சென்றனர். முன்பே நிரம்பி வழிந்த அறைகள் மேலும் நெருக்கமாயின. டிரஸ்ட் தன் முற்பகுதி ஆண்டுகளில் கட்டியதைக் காட்டிலும் இடித்ததே மிகுதி. நெருக்கத்தை ஒழிக்கப் புறப்பட்ட திட்டம் நெருக்கத்தை ஒரு தெருவிலிருந்து மறுதெருவிற்கு மாற்றியது என்று கூறினால் அது மிகையாகாது.

எனினும் டிரஸ்டின் பணியில் நிலைத்து நின்ற நன்மைகளும் உண்டு. தொழிலாளருக்கென அது சில சால்களைக் கட்டியது. பரேலில் அதற்குச் சொந்தமான சால் ஒன்றில்தான் அண்ணல் அம்பேத்கர் 1912 முதல் 1934 வரை ஏறத்தாழ இருபத்திரண்டு ஆண்டுகள் குடியிருந்தார். நகரின் வடக்கே வயலும் சதுப்பும் தோட்டமுமாகக் கிடந்த தாதர், மாதுங்கா நிலங்களை டிரஸ்ட் மனைகளாகப் பிரித்து, சாலைகளும் பூங்காக்களும் அமைத்தது. நடுத்தர வகுப்பார் அங்கே குடியேறினர். தமிழ்நாட்டு எழுத்தர்களும் கணக்கர்களும் மாதுங்காவைத் தம் ஊராகவே ஆக்கிக்கொண்டனர்; 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியதும் அவர்களுடைய முயற்சியாலேயே. அம்பேத்கர் பிற்காலத்தில் தாதர் இந்துக் காலனியில் கட்டிய ‘ராஜகிருகம்’ என்னும் இல்லமும் இத்திட்டத்தால் உருவான பகுதியிலேயே உள்ளது. பரேலின் ஒற்றை அறைச் சாலும் தாதரின் மாளிகை மனையும் ஒரே திட்டத்தின் இரு முகங்கள். மாதச் சம்பளமும் கடன் பெறும் தகுதியும் உடையவர்க்கு இரண்டாவது முகம் தெரிந்தது. கூலிக்காரனுக்கு முதல் முகமே தெரிந்தது.

இதனிடையே மற்றொரு வழியும் தோன்றியது. பலர் ஒன்றுகூடிப் பொதுவில் வீடு கட்டிக்கொள்ளும் கூட்டுறவு முறை அது. 1915-ஆம் ஆண்டில் காம்தேவியில் சாரஸ்வதர் கூட்டுறவு வீட்டுச் சங்கம் தோன்றியது. அதன் பின்னே நின்று உழைத்தவர் ராவ் பகதூர் ஸ்ரீபாத் தல்மாக்கி. இன்று அந்நகரெங்கும் காணப்படும் வீட்டுச் சங்கங்களுக்கெல்லாம் அது முன்னோடி. ஆயினும் பங்குப் பணம் கட்ட இயன்றவர்களுக்கே அதுவும் பயன்பட்டது.

முதல் உலகப் போர் வந்தது, வாடகைகள் ஏறின. 1918-இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் முதன்முறையாக இயற்றப்பட்டது. அத்துடன் நில்லாமல், 1920-ஆம் ஆண்டில் கவர்னர் ஜார்ஜ் லாயிடின் ஆட்சியில் பம்பாய் வளர்ச்சித் துறை நிறுவப்பட்டது. தொழிலாளருக்கு 50,000 அறைகளை அரசாங்கமே கட்டித் தருவது அதன் நோக்கம். செலவின் ஒரு பகுதியை ஈடுசெய்ய, நகருக்குள் வரும் பருத்திப் பொதி ஒன்றுக்கு ஒரு ரூபாய் வரி விதிக்கப்பட்டது. வொர்லி, நாய்காம், டிலைல் சாலை, சிவ்ரி ஆகிய நான்கு இடங்களில் 207 சால்கள் எழுந்தன. தளத்திற்கு இருபது அறைகள்; கட்டடத்திற்கு நான்கு தளங்கள்; அறை ஒன்று 160 சதுர அடி.

ஆனால் நடந்தது வியப்பிற்குரியது. வீடின்றித் தவித்த நகரில், வீடில்லாதவர்களுக்கென்றே கட்டிய அறைகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன! வொர்லியில் இந்நிலை மிகுதி. காரணம் தேட வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. கட்டுமானச் செலவு மதிப்பீட்டைத் தாண்டி ஏறியது. அதற்கேற்ப வாடகையும் ஏறியது. ஆலைத் தொழிலாளியின் கூலியோ அவ்வாறு ஏறவில்லை. வொர்லி அக்காலத்தில் ஊருக்கு ஒதுக்குப்புறம். ஆலைச் சங்கு ஊதுவதற்கு முன் நடந்து சென்று சேர இயலாத தொலைவு. கடைகண்ணியும் அருகில் இல்லை. கூலி எவ்வளவு, ஆலை எவ்வளவு தூரம் என்ற இரண்டு கேள்விகளைக் கேளாமல் கட்டப்பட்ட வீடு அது. 50,000 என்ற இலக்கில் மூன்றில் ஒரு பங்கை எட்டுமுன்னரே திட்டம் நிறுத்தப்பட்டது. பின்னர் நகரம் வளர்ந்து வொர்லியைத் தழுவிக்கொண்டபொழுது அவ்வறைகள் நிரம்பின. ஓர் அறையில் ஒரு குடும்பம் என்பது போய், ஒரே அறையில் இரண்டு தலைமுறைகள் என்றாயிற்று.

அடுத்த பெரும் முயற்சி 1947-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம். இரண்டாம் உலகப் போரும் நாட்டுப் பிரிவினையும் நகரில் மக்களைக் குவித்திருந்த காலம் அது. 1940 செப்டம்பரில் என்ன வாடகையோ அதுவே நியாய வாடகை என்று அச்சட்டம் வகுத்தது. வாடகைதாரரை வீட்டுக்காரர் நினைத்தபடி வெளியேற்ற முடியாதெனவும் காத்தது. பல்லாயிரம் குடும்பங்கள் அச்சட்டத்தின் நிழலில் அச்சமின்றி வாழ்ந்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, முன்னேறின. இதை மறப்பது நன்றியன்று.

ஆயினும் காலம் 1940-இல் நின்றுவிடவில்லை. சுண்ணாம்பும் சிமென்டும் கொத்தனார் கூலியும் பன்மடங்கு ஏற, வாடகை மட்டும் அசையாது நின்றபொழுது, வீட்டுக்காரர்கள் பழுதுபார்ப்பதைக் கைவிட்டனர். மழைக்காலந்தோறும் கட்டடங்கள் இடிந்து விழுவது வழக்கமாயிற்று. 1969-இல் மற்றொரு சட்டம் வந்தது. பழங் கட்டடங்களின்மீது ஒரு தனி வரி விதித்து, அதைக் கொண்டு அவற்றைப் பழுதுபார்க்க வாரியம் ஒன்று அமைக்கப்பட்டது. அவ்வாறு வரி விதிக்கப்பட்ட கட்டடங்கள் தொடக்கத்தில் 19,642. வாடகைக்கு விடும் நோக்குடன் புதுவீடு கட்டுவாரும் அருகினர். குடியிருப்பு உரிமையை மாற்றிக்கொள்ள ‘பகடி’ என்னும் பெருந்தொகை கைமாறியது. 1997-இல் உச்ச நீதிமன்றம், அந்தப் பழைய நியாய வாடகை இனி நியாயமாகாது என்று கருத்துரைத்தது. 1999-ஆம் ஆண்டின் புதிய சட்டம் ஆண்டிற்கு நூற்றுக்கு நான்கு வீதம் வாடகையை உயர்த்த இடமளித்தது.

இச்சட்டம் கதவுக்கு உள்ளே இருந்தவரைக் காத்தது. அதனால் அதைக் குறை கூற இயலாது. ஆனால் 1950-இலும் 1960-இலும் ரயிலிலிருந்து இறங்கியவர் கதவுக்கு வெளியே நின்றார். அவரிடம் பழைய வாடகைச் சீட்டு இல்லை. பகடி கொடுக்கப் பணமும் இல்லை. 1948-ஆம் ஆண்டின் சட்டத்தால் தோன்றிய வீட்டு வாரியம் குடியிருப்புகளைக் கட்டியது. 1952-இல் மத்திய அரசாங்கமும் தொழிலாளர் வீட்டுத் திட்டத்திற்கு உதவித்தொகை அளிக்கத் தொடங்கியது. இவை நற்பணிகளே, ஆயினும் வந்தவர் தொகைக்கு ஈடுகொடுக்க இயலவில்லை. எஞ்சியவர்கள் இருப்புப்பாதை ஓரத்திலும் சதுப்பு நிலத்திலும் தாமே குடிசை கட்டிக்கொண்டனர்.

குடிசைகளை இடிப்பதே நெடுங்காலம் நகரத்தின் கொள்கையாக இருந்தது. 1971-ஆம் ஆண்டின் குடிசைப் பகுதிச் சட்டம் இடிப்பதற்குப் பதிலாகக் குழாய், கழிப்பிடம், தெருவிளக்கு முதலிய வசதிகளைச் செய்து தருவதற்கும் வழிவகுத்தது. 1976 ஜனவரியில் குடிசைகள் கணக்கெடுக்கப்பட்டு, குடியிருந்தோருக்குப் புகைப்படத்துடன் கூடிய அடையாளச் சீட்டு வழங்கப்பட்டது. ‘போட்டோ பாஸ்’ என்று மக்கள் அதை வழங்கினர். அந்நகரில் இருக்கிறோம் என்பதற்கு ஏழையின் கைக்குக் கிடைத்த முதல் சான்று பலருக்கு அதுவே. ஆயினும் கணக்கெடுத்தவர் வந்த நாளில் ஊருக்குச் சென்றிருந்தவரும் மறுநாள் வந்து சேர்ந்தவரும் கணக்கில் இல்லாதவர் ஆயினர்.

இதனால் விளைந்த துன்பத்திற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்றே சாட்சி. சேலத்திலிருந்து 1961-ஆம் ஆண்டில் பிழைப்புத் தேடி வந்த நிலமற்ற கூலித் தொழிலாளி ஒருவரின் கதை அத்தீர்ப்பில் எழுதப்பட்டுள்ளது. இரசாயனத் தொழிற்சாலை ஒன்றில் நாளொன்றுக்கு 23 ரூபாய் கூலி. நடைபாதையில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் கொண்டு அமைத்த ஒரு கூரைக்காக, குடிசைகளுக்குத் தலைவனாய் இருந்த ஒருவன் அவரிடமிருந்து 2,500 ரூபாய் பறித்திருந்தான். 1981 ஜூலையில், கொட்டும் மழைக்காலத்தில், அக்குடிசை இடிக்கப்பட்டது. குடும்பத்தோடு அவரைப் பேருந்தில் ஏற்றிச் சேலத்திற்கு அனுப்பினார்கள். மனைவி மக்களை அங்கே விட்டுவிட்டு அவர் தனியே திரும்பி வந்தார். வேலை பம்பாயில் அல்லவா இருந்தது!

பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸ் முதலியோர் தொடுத்த அவ்வழக்கில் 1985 ஜூலை 10-ஆம் நாள் தலைமை நீதிபதி ஒய். வி. சந்திரசூட் தலைமையில் ஐவர் அமர்ந்த பெஞ்சு தீர்ப்பளித்தது. பிழைக்கும் வழியைப் பறிப்பது உயிரைப் பறிப்பதற்கு ஒப்பாகும். ஆதலின் பிழைப்புரிமை அரசியலமைப்பின் 21-ஆம் விதி தரும் உயிர்வாழும் உரிமையுள் அடங்கும் என்பது அத்தீர்ப்பின் புகழ்பெற்ற பகுதி. அதே தீர்ப்பு, உரிய முறைப்படி நடைபாதைக் குடிசைகளை அகற்றலாம் என்றும் கூறியது. 1976 கணக்கெடுப்பில் அடையாளச் சீட்டு பெற்றவர்க்கு மாற்றிடம் தரவேண்டும் என்றது. உரிமை எல்லார்க்கும், மாற்றிடம் சீட்டு உள்ளவர்க்கு!

அந்த 1985-ஆம் ஆண்டிலேயே உலக வங்கியின் உதவியுடன் வேறொரு முயற்சி தொடங்கிற்று. சார்கோப், கோராய் முதலிய இடங்களில் அரசாங்கம் வீடு கட்டவில்லை. தண்ணீர், வடிகால், பாதை ஆகியவற்றுடன் சிறு சிறு மனைகளை மட்டும் குறைந்த விலைக்குத் தந்தது. வாணிக மனைகளை உயர்ந்த விலைக்கு விற்று அந்த நஷ்டத்தை ஈடுசெய்தது. மனை பெற்றவர்கள் முதலில் ஓர் அறை, பிறகு ஒரு சமையற்கட்டு, பிள்ளைக்குத் திருமணமானதும் ஒரு மாடி எனத் தம் வருவாய்க்கேற்பக் கட்டிக்கொண்டனர். இன்று அவை உயிர்ப்புள்ள குடியிருப்புகளாக விளங்குகின்றன. வொர்லியில் கேட்க மறந்த முதல் கேள்வியை இத்திட்டம் கேட்டது: உன்னால் எவ்வளவு இயலும்? எனினும், நகரில் நிலத்தின் விலை ஏற ஏற, இம்முறை தொடரப்படவில்லை.

அதற்கு மாறாக 1995-இல் வந்தது இலவச வீட்டுத் திட்டம். குடிசைகள் இருந்த நிலத்தில் தனியார் கட்டுமானக்காரர் அடுக்குமாடி எழுப்பிக் குடிசைவாசிகளுக்கு இலவசமாக வீடு தருவார். அதற்கு ஈடாக, கூடுதல் தளங்களைக் கட்டிச் சந்தை விலைக்கு விற்றுக்கொள்வார். வீட்டின் அளவு முதலில் 225 சதுர அடி; பின்னர் 269; அதன்பின் 300. நாற்பது லட்சம் பேருக்கு வீடு என்பது அறிவிப்பு. இருபத்தைந்து ஆண்டுகள் கடந்தும் அவ்விலக்கு எட்டப்படவில்லை. நிலம் விலையுயர்ந்த இடங்களில் கட்டடங்கள் விரைந்து எழுந்தன, ஏனைய இடங்களில் காத்திருப்பே மிஞ்சியது. இதிலும் ஒரு நாள் குறிக்கப்பட்டது. 1995 ஜனவரி முதல் நாளுக்கு முன்னிருந்தே குடியிருந்தவர் தகுதியுடையவர். பிறகு அந்நாள் 2000-க்கு மாற்றப்பட்டது. 2011 வரை வந்தவர்க்குப் பணம் பெற்றுக்கொண்டு வீடு தருவதாக மற்றோர் ஏற்பாடும் செய்யப்பட்டது. தாராவிச் சீரமைப்பிலும் இந்நாட்கணக்கே யார் அங்கேயே இருப்பார், யார் வேறிடம் செல்வார் என்பதை முடிவு செய்கிறது.

இவையன்றி, 1977-இல் அமைந்த ‘ம்ஹாடா’ என்னும் மாநில வீட்டுவசதி ஆணையம் தான் கட்டும் வீடுகளைக் குலுக்கல் முறையில் வழங்குகிறது. 2023-இல் மும்பையில் 4,082 வீடுகளுக்கு 1 லட்சத்து 20 ஆயிரத்திற்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். விண்ணப்பிக்க அம்மாநிலத்தில் பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்ததற்கான டொமிசைல் சான்று வேண்டும்.

இவ்வரலாற்றை ஒருங்கே நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். 1940 செப்டம்பர், 1976 ஜனவரி, 1995, 2000, 2011 என ஒவ்வொரு திட்டமும் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, அந்நாளில் நகரில் இருந்தவரை எண்ணியது. எண்ணப்பட்டவர் பயன்பெற்றார். நகரமோ எந்நாளிலும் நின்றதில்லை. மறுநாட்காலை வந்த ரயிலிலும் மக்கள் இறங்கினர். அவர்களையும் நகரம் வேலைக்கு அழைத்துக்கொண்டது. வீட்டுக் கணக்கில் மட்டும் சேர்க்கவில்லை. பழைய பாக்கியைத் தீர்ப்பதோடு, நாளை வரப்போகும் தொழிலாளிக்கு அவர் கூலிக்கேற்ற வாடகையில், வேலைக்கு அருகே ஓர் அறையை முன்கூட்டியே ஆயத்தம் செய்யும் நகரமே வீட்டுப் பிரச்சினையைத் தீர்த்த நகரமாகும். அந்தப் பணி இன்னும் எஞ்சியிருக்கிறது.

அதுகாறும் வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் ஒன்றை மறவாதிருத்தல் நலம். வாடகைச் சீட்டு, மின்கட்டண ரசீது, வாக்காளர் பட்டியலில் பெயர், பிள்ளைகளின் பள்ளிச் சான்று ஆகியன வெறுங் காகிதங்கள் அல்ல. எந்த நாளைக் குறிப்பார்களோ அந்நாளில் நாம் அங்கிருந்தோம் எனப் பேசும் சாட்சிகள் அவை. பெட்டியின் அடியில் கிடக்கும் பழைய போட்டோ பாஸ் ஒன்று, ஒரு குடும்பத்தின் கூரையாகலாம்.

வொர்லியில் ஒருகாலத்தில் வாடகைக்கு ஆளின்றிப் பூட்டிக் கிடந்த சால்களின் இடத்தில் இப்பொழுது அடுக்குமாடிகள் எழுகின்றன. 2025 ஆகஸ்டில் முதன்முறையாக 556 குடும்பங்களுக்கு அங்கே புதுவீடுகளின் சாவிகள் வழங்கப்பட்டன. 160 சதுர அடி அறைகளில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்களுக்கு 500 சதுர அடி வீடு. நூறாண்டுக்கு முன் 50,000 அறைகள் என்று தொடங்கிய கணக்கில் இது சிறு தொகையே. ஆயினும் அக்குடும்பங்கள் ஒவ்வொன்றும் தன் பெயர் ஏறிய பதிவைக் காட்டியே அந்தச் சாவியைப் பெற்றன.